ஆடிட்டருக்கு லீவு விட்ட துறைமுகம்!

மதுரைக்காரர்கள் கவனிக்க: வைகையில் கப்பல் விடலாம். சிரிக்காதீர்கள், பார்லிமெண்ட்டே சொல்லியிருக்கிறது! 2016-ல் வந்த தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலில் மொத்தம் 111 நீர்வழிகள். அதில் பாலாறு உண்டு, பவானி உண்டு, தாமிரபரணி உண்டு. அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிற நம் வைகைக்கு நம்பர் 107.

வைகைக்குக் கப்பல் வரும்போது வரட்டும். பட்டியலில் நம்பர் ஒன், கங்கை. அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரை 1,620 கிலோமீட்டர். அங்கே நிஜமாகவே வந்துவிட்டது. 2018 நவம்பர் 12-ம் தேதி, கடலே இல்லாத காசியில், ராம்நகர் கரையில் சரக்குத் துறைமுகம் திறந்தார்கள். கல்கத்தாவிலிருந்து 16 கண்டெய்னர்களோடு முதல் கப்பல் வந்து நின்றது. கப்பலின் பெயர் ரவீந்திரநாத் தாகூர். உள்ளே இருந்தது பெப்ஸி கம்பெனி சரக்கு. (காசியிலிருந்து தீர்த்தம் கொண்டு வருவதுதான் நம் வழக்கம். இது ரிட்டர்ன் சர்வீஸ்!)

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பி.காம். படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது ரேட்தான். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு போக லாரியில் ரூ. 2.50, ரயிலில் ரூ. 1.36, ஆற்றில் ரூ. 1.06. அரசாங்கம் காட்டுகிற கணக்கு இது. 2,000 டன் ஏற்றும் ஒரு கப்பல் வந்தால், பத்து டன் லாரிகள் 200 ரோட்டை விட்டு இறங்கும். டீசல் மிச்சம், புகை மிச்சம். கையைத் தட்டி வரவேற்க வேண்டிய சமாசாரம்.

தட்டப் போன கையை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். இந்த வேலைக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமா என்று கேட்டால், 'வேண்டாம்' என்று பதில்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற நண்பரிடம் இதைச் சொன்னேன். "எதுக்கு ஸார் அனுமதி? ஆறு ஏற்கெனவே இருக்கு, தண்ணி ஏற்கெனவே ஓடுது. புதுசா ரோடா போடப் போறான்?" என்றார்.

ரோடுதான் போடுகிறார்கள் ஸார், தண்ணீருக்கு அடியில்! அந்த சைஸ் கப்பல் போக, வருஷம் முழுக்க 45 மீட்டர் அகலத்துக்குப் பாதை வேண்டும். ஆழம் காசிப் பக்கம் 2.2 மீட்டராவது, கீழே போகப் போக 3 மீட்டர். கங்கையோ இமயமலையிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற ஆறு. இன்றைக்குத் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் மூடிவிடும். மறுபடி தோண்ட வேண்டும். அதற்கு மறுபடி, மறுபடி...

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் அறிவிக்கையில் துறைமுகம் இருக்கிறது. 2009 திருத்தத்தில் தூர்வாருதலும் சேர்ந்தது. 'பராமரிப்புத் தூர்வாருதல்' என்றால் விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: மூலத் திட்டம் முதலிலேயே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நியாயம்தானே? பிளான் அப்ரூவல் வாங்கின வீட்டுக்கு வெள்ளையடிக்க மறுபடி அப்ரூவல் எதற்கு?

கங்கையில் நடந்தது வேறு. 'உள்நாட்டு நீர்வழி' என்கிற வார்த்தையே அந்த அறிவிக்கையில் இல்லை என்றது ஒரு வாதம். 2017 கடைசியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே, நீர்வழிக்கான பராமரிப்புத் தூர்வாருதலுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று நிலை எடுத்தது. வீடு அப்ரூவல் வாங்கவே இல்லை. வெள்ளையடிக்க மட்டும் விலக்கு! விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நிபுணர்களோடு கலந்து முடிவெடுங்கள் என்று 2018-ல் தீர்ப்பாயம் அமைச்சகத்துக்கே சொன்னது.

ஆய்வே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 37.5 கோடி டாலர் கடன் கொடுத்த உலக வங்கி தன் விதிப்படி ஆய்வறிக்கை கேட்டது, தயாரித்துக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர் கேட்டால் கணக்கு காட்டுகிறோம். கரையில் இருப்பவர் கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்கிறோம். வங்கிக்குக் கொடுத்த ரிப்போர்ட் வங்கிக்கு. சட்டப்படியான அனுமதி என்றால்தான் நிபந்தனை போடலாம், நிபந்தனை மீறினால் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் ஆள், கங்கை டால்பின். 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்கு என்று பட்டம் கொடுத்தோம். இதற்குக் கண் கிட்டத்தட்ட தெரியாது. 'க்ளிக் க்ளிக்' என்று சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கும், இரை பிடிக்கும். கப்பல் எஞ்சின் சத்தம் அதற்கு, நம் கண்ணைக் கட்டி ரங்கநாதன் தெருவில் விட்ட மாதிரி. 2025-ல் வெளியான முதல் முழுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த நதி டால்பின்கள் 6,327. நம் ஊர் ஒரு கல்யாண மண்டபத்து முகூர்த்தநாள் கூட்டத்தை இரண்டு மூன்று மடங்கு செய்தால் முடிந்தது.

அடுத்தது ஆமை. எரிந்தும் எரியாமலும் ஆற்றில் வருகிற பிணங்களைத் தின்று சுத்தம் செய்யட்டும் என்று ஆமைகளை வளர்த்து விட்டார்கள். அதற்காக 1989-ல் காசியில் ஏழு கிலோமீட்டருக்கு ஒரு சரணாலயம். கப்பல் பாதை அதற்குள்ளேயே வந்தது. 2020-ல் சரணாலய அந்தஸ்து ரத்தானது. ஆமைகளுக்கு மிர்சாபூர் பக்கம் புது இடம் ஒதுக்கினார்கள். ஆமைக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் யார் கையில் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை!

மூன்றாவது ஆள்தான் முக்கியம், மீனவர். அடிமணலைக் கிளறினால் மீன் முட்டையிடுகிற இடம் போகும். கப்பல் தடத்தில் வலை போட முடியாது. இது வெறும் பயமல்ல. 1975-ல் ஃபராக்கா அணையைத் திறந்தபோது இப்படிப்பட்ட ஆய்வுச் சட்டமே கிடையாது. கடலிலிருந்து அலகாபாத் வரை நீந்தி வந்துகொண்டிருந்த ஹில்சா மீனின் வழி அடைபட்டது. அணையின் செலவுக் கணக்கில் அந்த மீனும் இல்லை, அதை நம்பி மேல் கரையில் வலை வீசின குடும்பமும் இல்லை. ஆனால் பில் அவர்கள் வீட்டுக்குத்தான் போனது.

'அனுமதி, ஆய்வு என்று போனால் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள்' என்பது மறுபக்கத்து வாதம். உண்மைதான், நம் ஆபீஸ்களின் வேகம் நமக்குத் தெரியாதா? அதற்கு வைத்தியம், ஆறு மாதத்தில் முடி என்று கெடு வைப்பது. ஆடிட் தாமதமாகிறது என்பதற்காக எந்தக் கம்பெனியாவது ஆடிட்டருக்கு நிரந்தர லீவு கொடுக்குமா?

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. டெர்மினல் தனி ஃபைல், தூர்வாருதல் தனி ஃபைல், கரைக்குப் போகிற ரோடு தனி ஃபைல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னது. ஆற்றுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்தமும் அதன் மேல்தான் விழுகிறது. ஆகவே முழு ஆற்றையும் ஒரே ஃபைலில் வைத்துப் பார்க்க வேண்டும். விலக்கு கொடுத்தால் அந்த ஃபைலே திறக்காது.

2020-ல் வந்த புதிய அறிவிக்கையின் வரைவு, உள்நாட்டு நீர்வழித் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று யோசனை சொன்னது. நாடு முழுக்க லட்சக்கணக்கில் ஆட்சேபக் கடிதங்கள் போயின. அவற்றில் உங்கள் ஆபீஸ்காரர் ஒருவருடையதும் இருக்கலாம்.

ரூ. 1.06 மலிவுதான். அதில் டீசல் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, கப்பல் வாடகை இருக்கிறது. ஆற்றின் தேய்மானம் எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறது? அந்தக் காலத்தை நிரப்பின பிறகும் ஆறுதான் மலிவு என்று வரலாம். வந்தால் முதல் கைதட்டல் என்னுடையது. நிரப்பாமலேயே பாலன்ஸ் ஷீட்டில் கையெழுத்து கேட்டால், பி.காம். முதல் வருஷப் பையன்கூட பேனாவை மூடி வைத்துவிடுவான்.