உயிர் காலேஜுக்கு ஒரு டிக்கெட்!

மெட்ராஸில் முன்பு இரண்டு காலேஜ்கள் இருந்தன. சேருவதற்கு மார்க் ஷீட் வேண்டாம், எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டாம். கட்டுச்சோற்று மூட்டையோடு பட்டணம் பார்க்க வந்து இறங்குகிறவர்கள், ஒரே நாளில் இரண்டிலும் 'படித்து' முடித்துவிட்டு ராத்திரி ரயிலில் ஊர் திரும்பிவிடுவார்கள். எழும்பூர் மியூசியம், 'செத்த காலேஜ்'. ஸென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சி சாலை, 'உயிர் காலேஜ்'.

என் பெரியப்பா இன்னமும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். "உயிர் காலேஜை எங்கியோ செங்கல்பட்டுப் பக்கம் தூக்கிட்டுப் போய்ட்டாங்களாமே?" என்பார். தூக்கிக்கொண்டு போனது 1985-ல். பெரியப்பாவுக்கு அது நேற்றைய நியூஸ்.

அது ஏன் காலேஜ்? மியூசியம் பிறந்த இடம் அப்படி. நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கு டி.பி.ஐ. என்கிறோமே, கல்வித்துறை ஆபீஸ்கள் இருக்கும் வளாகம், அங்கே அந்தக் காலத்தில் கம்பெனி துரைமார்களுக்குத் தமிழ், தெலுங்கு சொல்லிக்கொடுக்கிற ஒரு கல்லூரி இருந்தது. அதன் கட்டடத்தில்தான் 1851-ல் மியூசியத்தைத் தொடங்கினார்கள். 1854-ல் எழும்பூருக்கு வீடு மாறியது. காலேஜ் என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது என்பார்கள். காலேஜ் ரோடு இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

மியூசியத்தின் முதல் சூப்பரின்டென்டென்ட் எட்வர்ட் பால்ஃபோர். தொழில் டாக்டர், பொழுதுபோக்கு மற்ற எல்லாமும். இந்தியாவைப் பற்றிக் கலைக்களஞ்சியம் எழுதினார். காட்டை அழித்தால் மழை குறையும், பஞ்சம் வரும் என்று 1840-களிலேயே சர்க்காருக்கு எழுதினார். பெண்கள் டாக்டருக்குப் படிக்கலாம் என்று வாதாடினார். இத்தனைக்கும் நடுவில் மியூசியத்துக்கு ஜனங்களை எப்படி வரவழைப்பது என்ற கவலை வேறு.

கல்லையும் கிளிஞ்சலையும் பாடம் செய்த பறவையையும் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? அந்தச் சமயத்தில் மியூசியத்தில் உயிரோடு ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தையும் வந்து சேர்ந்தன. அவ்வளவுதான், கும்பல் அலைமோத ஆரம்பித்துவிட்டது. பால்ஃபோருக்குப் புரிந்துவிட்டது. செத்ததைப் பார்க்க வைக்க வேண்டுமானால் உயிருள்ளதை வாசலில் கட்டிவைக்க வேண்டும்! விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இப்போது லட்சம் லட்சமாக வாங்கிக்கொண்டு சொல்கிற யோசனை இது.

ஆற்காட்டு நவாபிடம் சொந்தமாக ஒரு மிருகக் கூட்டமே இருந்தது. பால்ஃபோர் அவரிடம் பேசி, அத்தனையையும் மியூசியத்துக்கு வாங்கிவிட்டார். 1855-ல் மிருகக்காட்சி சாலை தயார். ஒரு வருஷத்துக்குள் முந்நூற்று அறுபது உயிர்கள். கல்கத்தாவில் அலிப்பூர் ஜூ வந்தது 1876-ல், மைசூர் 1892-ல். நாம் எவ்வளவு சீனியர் பாருங்கள்!

இதில் ஒரு விஷயம் மனசை என்னவோ செய்கிறது. அதே 1855 அக்டோபரில் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் காலமானார். டல்ஹௌசி அதுதான் சாக்கு என்று கர்நாடக நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டார். பட்டம் போயிற்று, அரண்மனையும் கைவிட்டுப் போயிற்று. நவாப் வளர்த்த மிருகங்கள் மட்டும் பொதுஜன சொத்தாகத் தப்பித்தன.

மியூசியத் தோட்டத்தில் இடம் போதவில்லை. 1860-களின் தொடக்கத்தில் நகராட்சி பொறுப்பேற்று, ஸென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு ஜூவைக் கொண்டுபோனது. கவர்னர் ட்ரெவெல்யன் காலத்தில் போட்ட பார்க் அது, 116 ஏக்கர். நகரத்தின் நெஞ்சுக்கூட்டில் அத்தனை பெரிய தோட்டம்! பிறகு அதைத் துண்டு போட்டது ஒரு பெரிய கதை. விக்டோரியா ஹால் எழும்பியது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் கட்டடம். ஸ்டேடியம். இருக்கிற மிச்சத்தில் புலியும் கரடியும்.

பழைய ஜூவைப் பார்த்தவர்களிடம் கேட்டால் கண் பளபளக்கச் சொல்வார்கள். மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு பழைய புஸ்தகம், அப்படியே நாலு எட்டு நடந்தால் சிங்கம். கம்பிக்கு இந்தப் பக்கம் வேர்க்கடலைப் பொட்டலம், அந்தப் பக்கம் குரங்கு. சிங்கம் எங்கேயும் ஓடி ஒளிய முடியாது. சிமென்ட் தரை, இரும்புக் கம்பி, பின்னால் சுவர். கொடுத்த காசுக்கு முழுசாகப் பார்த்துவிடலாம்.

சிங்கத்தின் கட்சி என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வெளியே ரயில் எஞ்சின் ஊதல், பஸ் ஹாரன், புகை. ராத்திரியும் பகலும் ஸென்ட்ரல் சத்தம். நாம் ரெண்டு நாள் லாட்ஜில் தங்கினாலே மேனேஜரிடம் சண்டைக்குப் போவோம். அது ஆயுசு பூராவும் அங்கே குடித்தனம் நடத்தியது.

1976-ல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியது. காடு என்ற பெயர்தானே தவிர, பாதி மொட்டையாகக் கிடந்த புதர்க்காடு. மரம் நட்டு, அகழி வெட்டி, 1985 ஜூலை 24-ந் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால், மே 30-ந் தேதி, மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்து போயிருந்தது. பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே கோடையில் ஸென்ட்ரல் வாசலில் இரண்டும் காலி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அக்கா பையனை அழைத்துக்கொண்டு வண்டலூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ்காரனுக்கு வேறு ஏது நாள்? புலிக்கான இடத்துக்கு முன்னால் ஒரு நாற்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அகழி தெரிந்தது. புல் தெரிந்தது. மூங்கில் தெரிந்தது. புலி மட்டும் தெரியவில்லை. என் பக்கத்தில் ஒருவர், குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தவர் போலிருக்கிறது, பொறுமை போய்விட்டது.

"இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தோம்? புலி இருக்கா, இல்ல போர்டு மட்டும்தானா?" என்று அங்கே நின்ற ஊழியரைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கு சார். அந்த மூங்கிலுக்குப் பின்னாடி படுத்திருக்கு. வெயில் சார், வராது."

"கொஞ்சம் சத்தம் குடுத்துக் கூப்பிடக் கூடாதா?"

"நீங்க மத்தியானம் சாப்ட்டுப் படுத்திருக்கும்போது நான் வந்து கூப்ட்டா வருவீங்களா சார்?"

நாற்பது பேரும் சிரித்துவிட்டோம், கேட்டவர் உட்பட. சிரித்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பால்ஃபோர் புலியை வைத்தது ஜனங்கள் பார்ப்பதற்கு. வண்டலூரில் புலிக்கு மூங்கில் புதர் வைத்திருப்பது, இஷ்டமில்லாவிட்டால் ஜனங்களுக்குக் காட்டாமல் இருப்பதற்கு. நூற்றைம்பது வருஷத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. டிக்கெட் வாங்கிய நமக்குத்தான் இன்னும் அது ஜீரணமாகவில்லை.

ஒரு சேதி. 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் என்று ஒன்றை அமைத்து, நாட்டில் எந்த ஜூவும் அதன் அங்கீகாரம் இல்லாமல் நடக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். 1998-ல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு எதையும் வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட் தடை செல்லும் என்றுவிட்டது. சரி, நெருப்பு வளையத்தில் குதித்தே பழகிய சிங்கங்கள் எங்கே போவது? காட்டில் விட முடியாது; வேட்டையாடத் தெரியாது. இந்த மாதிரி அநாதைகளுக்காக நாட்டில் சில மறுவாழ்வு மையங்கள் வந்தன. வண்டலூரிலும் ஒன்று. அதற்காகக் கூடுதல் நிலம் சேர்ந்து, மொத்தப் பரப்பு இப்போது ஏறக்குறைய 1,500 ஏக்கர். அந்த மையத்துக்குப் பார்வையாளர் அனுமதி கிடையாது. வாழ்நாள் பூராவும் வேடிக்கை பொருளாக இருந்தவைகளுக்கு அதுதானே பென்ஷன்!

வண்டலூரில் கூட்டம் அம்முவது வெள்ளைப்புலியிடம். சிவகார்த்திகேயன் 2018-ல் 'அனு' என்ற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்தார் என்று பேப்பரில் வந்தபோது மவுசு இன்னும் ஏறியது. (தத்து என்றால் வீட்டுக்கு அழைத்துப் போவதில்லை, தீவனச் செலவு ஏற்பது. நாமும் செய்யலாம். புலிக்குக் கட்டுப்படி ஆகாவிட்டால் சின்னதாக ஏதாவது ஒரு ஜீவன்.) ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைப்புலி தனி இனமே அல்ல. சாதாரணப் புலிதான். அபூர்வமாக அமைகிற ஒரு ஜீனால் நிறம் வெளுத்தது. 1951-ல் ரேவா காட்டில் பிடித்த 'மோகன்' என்ற குட்டியின் வம்சம்தான் இன்று ஜூக்களில் இருப்பவற்றில் பெரும்பாலும். நிறத்துக்காகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துவைத்து வளர்த்தது. காட்டைக் காப்பாற்ற அதனால் பெரிய உபயோகமில்லை. வெள்ளைத் தோலுக்கு நாம் கொடுக்கிற மரியாதை மேட்ரிமோனியல் பக்கத்தோடு நிற்பதில்லை என்று தெரிகிறது.

அங்கிருந்து திரும்பும் வழியில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி ஒரு பார்வை. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. காடு துண்டு துண்டானால் தப்பிப்பது கஷ்டம். மரத்துக்கு மரம் தாவி வாழ்கிற சாதி அது. நீலகிரிக் கருமந்தியும் அப்படித்தான். இவற்றைக் குட்டி போட வைத்து வம்சத்தைக் காப்பதுதான் இன்றைக்கு வண்டலூரின் உருப்படியான வேலைகளில் ஒன்று. ஆனால் நான் நின்ற பத்து நிமிஷத்தில் வந்த ஒவ்வொரு குடும்பமும் "அட, குரங்குப்பா!" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. அக்கா பையனும் நகர்ந்தான். இழுத்துப் பிடித்து நிறுத்தி வைத்தேன்.

ஊருக்கு வந்த கஷ்டம் எதுவும் வண்டலூரை விட்டுவைக்கவில்லை. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் பூங்காவில் பத்தாயிரம் மரங்களுக்கு மேல் சாய்ந்தன. புதர்க்காட்டில் நட்டு, முப்பது வருஷம் வளர்த்த மரங்கள். சில வாரங்கள் பூட்டிவைத்துச் சீர் செய்து, 2017-ல்தான் திறந்தார்கள்.

2021-ல் நடந்தது அதைவிட மோசம். கொரோனா இரண்டாவது அலை. ஊரடங்கு, ஜூவுக்குப் பூட்டு, ஒரு பார்வையாளர்கூட இல்லை. மே மாதக் கடைசியில் சில சிங்கங்கள் சாப்பிடவில்லை, இருமின. ஜூன் 3-ந் தேதி ஒன்பது வயது நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. போபாலில் உள்ள பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்தால், ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா! ஜூன் 16-ந் தேதி பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. பிறகு ஆராய்ந்ததில் டெல்டா வகை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் தெருவில் நம்மைச் சாய்த்துக்கொண்டிருந்த அதே வைரஸ்.

யோசித்துப் பாருங்கள். அகழி, வேலி, இரும்புக் கதவு எல்லாம் அவற்றிடமிருந்து நம்மைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊழியர்களும் டாக்டர்களும் முழுக் கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய், மிச்சம் இருந்தவற்றைத் தேற்றினார்கள். நாம் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, பெருங்களத்தூரில் ராத்திரி ஒரு முதலை சாவதானமாக ரோட்டைத் தாண்டிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். உடனே ஊர் பூராவும் பழி வண்டலூர் மேல்! வனத்துறை தெளிவாகச் சொன்னது, சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் முதலைகள் இயற்கையாகவே உண்டு என்று. நாம்தான் ஏரியில் போய் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம்.

போவதாக இருந்தால் சில டிப்ஸ். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காணும் பொங்கல் அன்று போனால் ஜனங்களைத்தான் பார்க்கலாம். வேலை நாளில் ஒரு கேஷுவல் லீவ் போட்டுவிட்டு (காரணம்: 'சொந்த வேலை'), காலை ஒன்பது மணிக்கே உள்ளே இருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் புலியும் நடமாடும். தின்பண்டம் கொடுக்காதீர்கள், கல்லெறிகிற அண்ணாச்சி யாராவது தென்பட்டால் கொஞ்சம் சத்தம் போடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் உள்ளே ஓட்டேரி ஏரியில் கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமாக இருக்கும். கூண்டு கிடையாது, தானாக வந்தவை.

பழைய இடத்திலிருந்தே கிளம்பலாம். ஸென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு லோகல் ஏறினால், நேரே வண்டலூர். பெரியப்பாவை அப்படித்தான் அழைத்துப் போவதாக இருக்கிறேன். "புலி தெரியுமாடா?" என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.