இ.பி. பில் கட்டினால் பாயின்ட்... தவறினால் மூன்றரை வட்டி!

இ.பி. பில், கேஸ் சிலிண்டர், கைபேசி ரீசார்ஜ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், மாத மளிகை என்று கட்டியே தீர வேண்டிய எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, வரும் ரிவார்டு பாயின்ட்டை மிச்சக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. ‘எப்படியும் செலவாகப் போகிற பணம்தானே, வருகிற பாயின்ட்டை ஏன் விட வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கார்டில் ஏற்றவே கூடாத செலவு என்று ஒன்று உண்டென்றால், அது வீட்டுச் செலவுதான். டி.வி. வாங்கிய கடனை அடைத்தால் கதை முடிந்தது. அடுத்த மாதம் இன்னொரு டி.வி. வாங்கப் போவதில்லை. மின்சாரமும் பாலும் அரிசியும் அப்படியா? இந்த மாதத்துப் பாக்கி நின்றாலும், அடுத்த மாதம் அதே தொகைக்கு மீண்டும் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் செலவைக் கடனில் ஏற்றிவிட்டால், பிறகு இறக்கிவைப்பது மிகவும் கஷ்டம்.

முதலில் வரவைப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய் வீட்டுச் செலவைக் கார்டில் கட்டும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு 25 காசு என்பது சாதாரணக் கார்டுகளில் பரவலாக உள்ள கணக்கு. அதன்படி மாதம் 200 பாயின்ட், அதாவது 50 ரூபாய். வருடத்துக்கு 600 ரூபாய். கார்டின் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் ஆகிறது. வரவு அதற்கே சரியாகிவிடும். அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய, வருடத்துக்கு இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். அந்த இலக்கை எட்டவே மளிகையும் பள்ளிக் கட்டணமும் கார்டுக்கு மாறுகின்றன. சேர்த்த பாயின்ட்டை மாற்றிக்கொள்ளப் பல கார்டுகளில் 99 ரூபாயும் அதற்கு வரியும் தனி. ஒரு சதவீதம் கேஷ்பேக் தரும் நல்ல கார்டு என்றாலும் மாதம் 200 ரூபாய்தான். அதுவும் நிலையில்லை. 2024 முதல் பல வங்கிகள் மின்சாரம், தொலைபேசி போன்ற கட்டணங்களுக்கான பாயின்ட்டைக் குறைத்தன, அல்லது உச்சவரம்பு வைத்தன. வரம்பைத் தாண்டினால் ஒரு சதவீதக் கட்டணமும் வசூலிக்கின்றன. வீட்டு வாடகையைக் கார்டில் கட்டி வந்தவர்களுக்கு, 2025 செப்டம்பரில் பணப் பரிமாற்ற இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகள் இறுகியதும் பல செயலிகளில் அந்த வழியே அடைபட்டது.

இந்தச் சில நூறு ரூபாய்க்காகக் குடும்பம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் முக்கியம். கார்டுக்கு மாறிய முதல் மாதம் கையில் பணம் புரளும். சம்பளம் வந்துவிட்டது, பில்களெல்லாம் கார்டில் போய்விட்டன, டியூ டேட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த 20,000 ரூபாயைத் தொடாமல் அப்படியே வைத்திருப்பவர் தப்பித்தார். பெரும்பாலான வீடுகளில் அது தங்குவதில்லை. ஒரு கல்யாண மொய், வண்டி ரிப்பேர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கரைந்துவிடும். அடுத்த மாதச் சம்பளம் போன மாதச் செலவை அடைக்கப் போகும். அந்த மாதச் செலவு மறுபடி கார்டுக்கே போகும். பார்வைக்குக் கடனே இல்லை. டியூ டேட் தவறவில்லை, ஒரு ரூபாய் வட்டியும் கட்டவில்லை. உண்மையில் அந்தக் குடும்பம் ஒரு மாதம் பின்தங்கியே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘போதும், இனி கார்டு வேண்டாம்’ என்று நிறுத்த நினைத்தால், ஒரே சம்பளத்தில் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்குமாக 40,000 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால்கூட பள்ளம் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கோடையில் ஏ.சி. ஓடிய கணக்கும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் வந்து விழுவதும் உண்டு.

அன்றைக்குச் செயலியைத் திறந்தால் இரண்டு தொகைகள் தெரியும். மொத்த நிலுவை 20,000 ரூபாய். மினிமம் டியூ, பெரும்பாலும் ஐந்து சதவீதம், வெறும் 1,000 ரூபாய். நெருக்கடியில் இருப்பவரின் விரல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் தெருமுனை மளிகைக் கடையின் கணக்கு நோட்டை நம்பித்தான் பல குடும்பங்கள் மாதத்தை ஓட்டின. அதுவும் கடன்தான். ஆனால், பழைய பாக்கி ஏறிக்கொண்டே போனால் அண்ணாச்சி சரக்கை நிறுத்திவிடுவார். ‘போன மாதக் கணக்கை முடிச்சிட்டு வாங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்தக் கூச்சமே குடும்பத்தைக் காப்பாற்றியது. கார்டு எதையும் நிறுத்துவதில்லை. ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, வரம்பு தீரும்வரை அடுத்த மாத மளிகைக்கும் அனுமதி தருகிறது. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் அடைய மாதங்களோ வருடங்களோ ஆகும், வட்டி குட்டி போடும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டில் அச்சிட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

அந்த வட்டி எவ்வளவு? மாதத்துக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் சதவீதம் வரை. மூன்றரை என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 19,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 120 ரூபாய். ஆக 785 ரூபாய். மாதம் 200 ரூபாய் கேஷ்பேக் வாங்கியவர் நான்கு மாதம் சேர்த்தது ஒரே மாதத்தில் போயிற்று. இத்துடன் நிற்காது. முழு நிலுவையைக் கட்டாவிட்டால், செலவு செய்த தேதியிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள். புதிதாகச் செய்யும் செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் ரத்தாகும். அதாவது, அடுத்த மாத அரிசிக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி! ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால், அந்தப் பக்கமே போகாதே என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். அதைவிடக் கூடுதலான வட்டியைப் பாயின்ட் என்ற பெயர் மறைத்துவிடுகிறது. இதற்குச் சட்ட வேலியும் இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொறுப்பு முழுக்க நம்முடையது.

‘மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு நஷ்டம் ஏது?’ என்ற கேள்வி எழும். சரியான கேள்விதான், அவருக்கு லாபமே. ஆனால், அந்த லாபத்தை யாரோ கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கார்டு சந்தையை ஆராய்ந்து, சர்வதேச நிதியத்தின் ஆய்வுத் தாளாக 2023-ல் வெளியான கட்டுரை ஒன்று, நிதி விவரம் போதாதவர்களிடமிருந்து விவரம் தெரிந்தவர்களுக்கு ரிவார்டு வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுவதாகக் கணக்கிட்டது. தவறுகிறவர் கட்டும் வட்டியும், கடைக்காரர் கொடுக்கும் கட்டணமும்தான் பாயின்ட்டாகத் திரும்பி வருகின்றன. நம் நாட்டில் புழக்கத்தில் உள்ள கார்டுகள் 2024 தொடக்கத்தில் பத்துக் கோடியைத் தாண்டின. அத்தனை வீடுகளிலும் ஒரு மாதமும் பிசகாத ஒழுங்கு இருக்கும் என்று நம்ப முடியுமா? ஒழுக்கமானவரையும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு ஒரே இரவில் தவறுகிறவராக மாற்றிவிடும். ‘கிரெடிட் ஸ்கோர் ஏறுமே’ என்பவர்களுக்கு ஒரு வரி: சிறிய தொகை ஒன்றைச் செலவழித்து, ஒழுங்காக முழுவதும் அடைத்தாலே அதற்குப் போதும்.

இன்னொரு வாதம், ‘கார்டில் கட்டுவதால் கரன்ட் பில் கூடிவிடுமா?’ என்பது. கூடாது. மளிகை கூடும். கார்டில் கட்டும்போது மனம் தாராளமாகிறது என்பதை 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளுக்கான ஏலத்தில், கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் தர வேண்டியவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். இப்போது யு.பி.ஐ.யிலேயே ரூபே கிரெடிட் கார்டை இணைத்துக்கொள்ளலாம். காய்கறிக் கடையில் அதே க்யூ.ஆர். கோடு, அதே ஸ்கேன். சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்பதே கவனத்தில் நிற்காது. ஆட்டோ பே போட்டுவிட்டால் 15,000 ரூபாய் வரை மாதாந்திரக் கட்டணங்களுக்கு ஓ.டி.பி.கூடத் தேவையில்லை, முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். இதில்தான் கவலையே. மாதக் கணக்கு எழுதும் வீட்டில் அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். எது ஏறியது, எதைக் குறைக்கலாம் என்று கணவன் மனைவி உட்கார்ந்து பேச முடியும். எல்லாம் ஒரே ஸ்டேட்மென்ட்டில் ஒரே தொகையாகிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. கார்டு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் சொன்னால்தான் மற்றவருக்குப் பாக்கியே தெரியும். வீட்டின் வரவு செலவு வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் எது?

கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசரத்துக்கும், யோசித்து வாங்கும் பெரிய பொருளுக்கும் அதற்கு இடமுண்டு. தினசரி வாழ்க்கையை நடத்தும் செலவு மட்டும் சம்பாதித்த பணத்திலிருந்தே போகட்டும். ஏற்கெனவே பில்களைக் கார்டுக்கு மாற்றியவர்கள் ஒரே மாதத்தில் வெளியே வர முடியாது. முதலில் ஆட்டோ பேயை எடுத்துவிடுங்கள். இந்த மாதம் இ.பி., அடுத்த மாதம் கேஸ், அதற்கடுத்து மளிகை என்று ஒவ்வொன்றாக வங்கிக் கணக்குக்குத் திருப்புங்கள். அதுவரை கார்டில் கட்டும் ஒவ்வொரு தொகையையும் அன்றைக்கே தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். பாக்கி ஏற்கெனவே வட்டிக்குப் போய்விட்டதா? மினிமம் கட்டிக் காலம் தள்ள வேண்டாம். வங்கி நகைக் கடனின் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதை வாங்கியாவது கார்டை முதலில் அடையுங்கள். இந்த மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். எத்தனை பாயின்ட் சேர்ந்திருக்கிறது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.