துபாய்க்குச் சரக்கு போய்விட்டது, பணம்?

இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2022 மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2024-25 நிதியாண்டில் இரு நாட்டு வணிகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. திருப்பூர் ஆடைகளுக்கு அங்கே இருந்த 5 சதவீதச் சுங்க வரி நீங்கியது. 'துபாய் பார்ட்டி' என்றால் புதிதாக ஏற்றுமதிக்கு வருபவர்களுக்கும் தைரியம் வந்துவிடுகிறது. வரியைக் குறைத்துக்கொள்ள இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. வாங்குகிறவர் பணம் கொடுப்பார் என்பதற்கு இரண்டு அரசுகளுமே பொறுப்பேற்கவில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் சரக்கை அனுப்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏமாற்று வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் ஆர்டர் சிறியது, பணம் உடனே வந்துவிடும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆர்டர் ஒரு கன்டெய்னர் அளவுக்கு வரும். கூடவே அறுபது நாள், தொண்ணூறு நாள் கிரெடிட் கேட்பார்கள், பின்தேதியிட்ட காசோலையும் தருவார்கள். காசோலைத் தேதி வரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும், போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

'துபாயில் செக் திரும்பினால் ஜெயில்' என்ற பழைய நம்பிக்கைதான் இங்கே பலரைக் கவிழ்க்கிறது. அந்தச் சட்டம் மாறிவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து, கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பியது என்ற ஒரே காரணத்தால் அங்கே பொதுவாகக் குற்றமாகாது. கணக்கை முன்கூட்டியே மூடுவது, காரணமின்றிப் பணத்தை நிறுத்தச் சொல்வது, போலிக் காசோலை தருவது போன்றவை இன்னும் குற்றம்தான். மாற்றத்தில் நமக்குச் சாதகமான பகுதியும் உண்டு. திரும்பிய காசோலையை வைத்துக்கொண்டு தனி வழக்கு நடத்தாமல் நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் பிடிக்க ஆளும் சொத்தும் அங்கே இருக்க வேண்டுமே! ஆகவே காசோலையைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள்.

சரக்கு யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கப்பலில் அனுப்பினால் பில் ஆஃப் லேடிங் சரக்கின் உரிமைப் பத்திரம். அசல் பத்திரம் வங்கி வழியாகப் போய், பணம் கட்டிய பிறகே வாங்குகிறவர் கைக்குச் சேர வேண்டும். 'துறைமுகத்தில் வாடகை ஏறுகிறது, டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள்' என்று அவசரப்படுத்துவார்கள். அசல் பத்திரம் இல்லாமலே சரக்கை விடுவிக்கச் சொல்வதுதான் டெலக்ஸ் ரிலீஸ். பணம் வருமுன் அதைக் கொடுத்தால் சரக்கை இலவசமாகக் கொடுத்தது போலத்தான். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் காய்கறியை விமானத்தில் அனுப்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏர்வே பில் உரிமைப் பத்திரமே அல்ல. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துக்கொள்ள முடியும். முழு அட்வான்ஸ், இல்லையென்றால் வங்கியின் கடன் உறுதிக் கடிதமான எல்.சி.; முன்சம்மதம் பெற்று அங்குள்ள வங்கியின் பெயருக்கு அனுப்புவது இன்னொரு வழி. இவை மூன்றும் முடியாது என்றால் அந்த ஆர்டரை விட்டுவிடலாம்.

அமீரக நிறுவனங்களின் உரிமங்களை அந்நாட்டின் தேசியப் பொருளாதாரப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் உரிமம் இருப்பதும் நாணயம் இருப்பதும் வேறு வேறு. வாங்குகிறவரின் கடன் தகுதியை விசாரிக்க 1957 முதல் இயங்கும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம், அதாவது இ.சி.ஜி.சி., இருக்கிறது. சென்னை, கோவை, திருப்பூரில் அதற்குக் கிளைகள் உண்டு. சிறு ஏற்றுமதியாளர்களுக்கென்றே அதில் பாலிசி இருக்கிறது. பிரீமியத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விற்ற பணம் குறித்த காலத்துக்குள் வங்கி வழியாக வராவிட்டால், ஏற்றுமதிக்காகத் திரும்பப் பெற்ற சுங்க வரியான டியூட்டி டிராபேக்கையும் அரசு திருப்பிக் கேட்கும். ஏமாந்தவர் இரண்டாம் முறையும் நஷ்டப்படுகிறார். இ.சி.ஜி.சி. இழப்பீடு கிடைத்து, ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தத் தொகை தள்ளுபடியாகி, பணம் வசூலாகவில்லை என்று அங்குள்ள இந்தியத் தூதரகமும் சான்று கொடுத்தால் டிராபேக் தங்கும். காப்பீடே இல்லாதவருக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது.

வாங்குகிறவரோடு செய்யும் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வாசகம் சேர்ப்பதும் பெரிய பாதுகாப்பு. அமீரகத்தின் பொது நீதிமன்றங்கள் அரபு மொழியில் நடக்கின்றன, மொழிபெயர்ப்புச் செலவே கையைக் கடிக்கும். துபாய் சர்வதேச நிதி மையத்தின் நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தகராறு வந்தால் அங்கே தீர்த்துக்கொள்வோம் என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த மையத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாரும் அங்கே போகலாம். 5 லட்சம் திர்ஹாம் வரையிலான கோரிக்கைகளுக்கு அங்கே சிறு வழக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் நம்பிச் சரக்கு அனுப்பியவருக்கு இந்தக் கதவு திறக்காது.

பணம் நின்றுவிட்டால் வாய்தா கொடுத்துக் கொடுத்து மாதங்களைக் கடத்தாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதத்தை உரிய கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் இழப்பீடே போய்விடலாம். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் தரப் புகார்களையும் வணிகத் தகராறுகளையும் விசாரிக்கக் குழு உண்டு. துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் எழுதலாம். இவை சமரசத்துக்கான வழிகள், தீர்ப்பு தர முடியாது. அங்கிருந்து வாங்குகிறவர், விற்றவர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வந்த மின்னஞ்சலை நம்பிப் பணம் போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். கணக்கில் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

அங்கிருந்து வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வரிச் சலுகை கேட்டுப் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்தால், அது உண்மையில் அமீரகத்தில் விளைந்தது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் என்கிறது 2020 செப்டம்பரில் வந்த சுங்க விதி. விற்றவர் அனுப்பிய சான்றிதழ் மட்டும் போதாது. ஐந்து ஆண்டுகளுக்கு அந்த ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். சான்று பொய்யானால் விட்டுப்போன வரி நம் தலையில்தான் விழும்.

நாம் அனுப்பும் சரக்குக்கும் பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால்தான் அங்கே பூஜ்ய வரி. அதற்கான விண்ணப்பம் இணையத்திலேயே இருக்கிறது. சரக்கு ஏறிய பிறகு அதற்காக அலையாதீர்கள். கிரெடிட்டில் அனுப்பச் சொல்லி முதல் ஆர்டர் வரும்போது, சரி என்று சொல்லும் முன் அருகிலுள்ள இ.சி.ஜி.சி. கிளைக்கு ஒரு முறை போய், அந்தப் பார்ட்டியின் பெயரைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள்.