மந்தம் என்று பழிக்குமுன்

பாடம் ஏறவில்லை, ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது என்று ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் எழும்போது, அவனுடைய ஜாதகத்தையும் வம்சத்தையும் சோம்பலையும் குறைகூற நாம் காட்டும் சுறுசுறுப்பை, அவன் புழங்கும் வீட்டின் தூசியையும் அவனுக்குச் சமைக்கும் பாத்திரத்தையும் சோதித்துப் பார்ப்பதில் காட்டுவதில்லை. அத்தகைய குறைகளுக்கு ஏழ்மை, தூக்கமின்மை, செவிக்குறை என்று காரணங்கள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் ஒன்றாகக் ஈயம் என்று பொதுவாகச் சொல்லப்படும் காரீயம் என்னும் உலோகமும் இருக்கக்கூடும் என்பதை, பட்டறைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவை ஜில்லாவில், காரமடையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் குழந்தை வளர்க்கும் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

சரீரத்துக்கு எள்ளளவும் உபயோகமில்லாத இந்த உலோகம், சுண்ணாம்புச் சத்தைப்போல் வேஷந்தரித்து உள்ளே நுழைந்துவிடுகிறது. வாய்வழி சென்ற ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் குடல் உறிஞ்சுகிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையானால் அதற்கும் மேல். கண்டதை வாயில் வைக்கும் பருவமும், மூளை அதிவேகமாக வளரும் பருவமும் ஒன்றாகவே அமைந்திருப்பதுதான் இதில் பெரிய விபரீதம். இரத்தத்தில் கலந்த ஈயம் சோகையை உண்டாக்குகிறது. மூளையின் நரம்புத் தொடர்புகளைக் குலைக்கிறது. எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, பெண் குழந்தையானால், பிற்காலத்தில் அவள் கருவுறும்போது மீண்டும் இரத்தத்தில் இறங்கிக் கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது. அளவு மிகுந்தால் வலிப்பும் மரணமும் நேரும். சிறிய அளவிலோ காய்ச்சலுமில்லை, வலியுமில்லை, புத்திக்கூர்மையும் கவனமும் மட்டுமே குறைகின்றன. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவது இதனாலேதான்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. அதன்பின் சென்னையில், ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் எட்டினாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடிக் களையவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் இன்றைய வழிகாட்டுதல். அந்த ஆய்வில், ஈயம் மிகுந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் கலக்கமும் பிறரோடு பழகுவதில் இடர்ப்பாடும் மிகுந்திருந்ததை அவர்களுடைய ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டிற்று. நாம் "மந்தம்" என்று எளிதாகச் சொல்லிவிடுவதன் மறுபக்கம் இது.

பெட்ரோலை விட்டபின் எஞ்சிய வழிகள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. பழைய பாட்டரிகளைக் கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயம் உருக்குவது அவற்றுள் மிகக் கொடியது. பட்டறையில் ஈயத்தோடு வேலை செய்பவர் அதே உடுப்போடு வந்து குழந்தையைத் தூக்கினாலும் தூசி கூடவே வருகிறது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தமையால், பொங்கலுக்கு வர்ணம் பூசுமுன் பழைய கதவை உப்புத்தாளால் உலரத் தேய்க்கும்போது எழும் தூள் அபாயமானது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம் என்னும் வேறோர் உலோகத்தால் ஆனதாயின் குற்றமில்லை. காரீயம் கலந்ததாயின் புளியின் அமிலத்தில் அது கரைந்து இறங்கும். மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் பூசும் கொடுமையும் உண்டு: 2024இல் வெளியான தெற்காசிய ஆய்வொன்றில், அனுமதித்த அளவை மீறிய மஞ்சள் அகப்பட்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. வங்கதேசமோ 2019இல் தொடங்கிய தீவிர நடவடிக்கையால் இரண்டே ஆண்டுகளில் டாக்காவின் மொத்தச் சந்தையிலிருந்து இந்தக் கலப்படத்தை அறவே ஒழித்தது.

மூளைக்கு நேர்ந்த சேதத்தை மருந்தால் மீட்க இயலாது. உடலிலுள்ள ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையோ, இரத்தத்தில் அதன் அளவு மிக உயர்ந்தவர்களுக்கே உரியது. ஆகவே வருமுன் காப்பதே வழி. உண்ணுமுன் கை கழுவுவித்தல், தரையை ஈரத்துணியால் துடைத்தல், பட்டறை உடுப்பை வெளியிலேயே களைதல், பழைய பெயிண்டை நனைத்துத் தேய்த்தல் ஆகியவற்றோடு, ராகி, கீரை, முட்டை, நம்மூர்க் கறிவேப்பிலை ஆகியவற்றை உணவில் தவறாது சேர்த்தால் ஈயம் உடலில் ஏறுவது ஓரளவு குறையும். ஆயினும் ஈயம் உருக்கும் பட்டறையை அகற்றுவதும் மஞ்சளைச் சோதிப்பதும் தாய்மாரால் ஆகக்கூடிய காரியங்களல்ல. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமையோ அதற்கு மேலோ எட்டியிருப்பதாக யூனிசெஃப் 2020இல் கணித்தது. ஆதலால் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் எடையும் உயரமும் பார்ப்பதுபோல் இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்க்கும் ஏற்பாட்டைச் சர்க்கார் செய்யவேண்டும். அதுவரை, பின்தங்கிய பிள்ளையை ஏசுமுன் அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.