கணினிப் பெட்டியும் காற்றின் வழியும்

மின்னோட்டத்தாற் செயற்படும் எந்தக் கருவியும் வெப்பத்தைப் பிறப்பித்தே தீரும். கணினி இவ்விதிக்கு விலக்கன்று. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகறிய இயக்கிக் காட்டப்பெற்ற ‘எனியாக்’ என்னும் கணிபொறி ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டிருந்தது. சுமார் 150 கிலோஉவாற்று மின்வலுவை நுகர்ந்தது. அவ்வலு இறுதியில் வெப்பமாகவே மாறியமையின், அதனை அகற்றுதற்கு ஊதுவிசிறிகள் அன்றே வேண்டப்பட்டன. இன்று மேசைமீது வைக்கப்படும் சிறு பெட்டி அதனினும் பன்மடங்கு விரைவாகக் கணிக்கின்றது. எனினும், வெப்பத்தை வெளியேற்றும் பிரச்சினை அதனை விட்டு நீங்கவில்லை.

இப்பிரச்சினை புறக்கணிக்கத்தக்கதன்று. கணினியின் மூளை எனத்தக்க மத்திய முறைவழி அலகு, வெப்பநிலை 100 பாகை செல்சியசை அண்மிக்குமிடத்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் மிகுமாயின் இயக்கம் நின்றுவிடும். நீடித்த வெப்பம் ஏனைய உறுப்புக்களின் ஆயுளையும் குறைக்கும். ஒருமுறை பெற்ற கணினியைப் பல்லாண்டு பேணவேண்டிய பாடசாலைகளுக்கு இது சிறு விடயமன்று.

விசிறி குளிரை உண்டாக்கும் என்பது பொதுவான எண்ணம். அது பொருந்தாது. விசிறியின் முன்னிருப்பவன் குளிர்ச்சியை உணர்தற்குப் பெரிதும் காரணமாவது அவனுடைய வியர்வை ஆவியாதலேயாம். கணினிக்கோ வியர்வை இல்லை. அதனுள் விசிறி ஆற்றும் தொழில் ஒன்றே: சூடேறிய வளியை நீக்கி, அவ்விடத்துக்கு அறையின் வளியைக் கொணர்தல். அறையின் வெப்பநிலை 32 பாகையாயின், எத்தனை விசிறிகளைப் பூட்டினும் பெட்டியின் உட்புறம் 32 பாகைக்குக் கீழ்ச் செல்லாது. ஆதலின், விசிறிகள் எத்தனை என்பதனினும், புகுந்த வளி வெப்பமான உறுப்புக்களைத் தழுவிச் சென்றதா என்பதே ஆராயத்தக்கது.

எவ்வளவு வளி வேண்டும் என்பதைப் பாடசாலைப் பௌதிகத்தைக் கொண்டே கணிக்கலாம். ஒரு கனமீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் வளியின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துதற்கு ஏறத்தாழ 1,000 யூல் சத்தி வேண்டும். 300 உவாற்று வெப்பத்தைப் பிறப்பிக்கும் கணினியினின்று வெளியேறும் வளி, புகும் வளியிலும் 10 பாகை மட்டுமே மிகுந்திருத்தல் வேண்டுமெனின், செக்கனுக்கு 25 இலீற்றர் வளி அதனூடாகப் பாய்தல் வேண்டும். பாய்ச்சல் பாதியாகக் குறையின், வேறுபாடு 20 பாகையாகும்.

இனி, திசை பற்றி நோக்குமிடத்து, முன்புறத்தின் கீழ்ப்பகுதியால் வளி புகுந்து, பின்புறத்தின் மேற்பகுதியால் வெளியேறுதல் பெரும்பாலான பெட்டிகளுக்கு ஏற்ற முறையாகும். சூடேறிய வளி மேலெழும் என்னும் மேற்காவுகை விதி இதற்குத் துணைசெய்கின்றது. ஆனால் அரை மீற்றர் உயரமான பெட்டியுள் அவ்விசை மிகச் சிறிது. விசிறியின் விசையே அதனை வெல்லும். எனவே, மேலெழுதலினும் முக்கியமானது தடையற்ற ஒரே திசைப் பாய்ச்சலாகும். வளியை உள்ளிழுக்கும் விசிறி ஒன்று, வெளித்தள்ளும் விசிறிக்கு அருகே பூட்டப்படின், புகுந்த வளி எவ்வுறுப்பையும் தொடாது உடனே வெளியேறிவிடும். விசிறியின் தொகை கூடியும் பயன் குறைவது இவ்வாறே. வடங்கள் குவிந்து வழியை மறித்தலும் இத்தகைய குறையே.

வழி மட்டுமன்றி, அதன் வரிசையும் கருதத்தக்கது. 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் ‘ஏ.ரி.எக்ஸ்’ என்னும் அமைப்பை வெளியிட்டபோது, மின்வழங்கியின் விசிறி வெளிவளியை உள்ளிழுத்து மத்திய முறைவழி அலகின் பக்கமாக வீசுதல் நன்று எனக் கருதப்பட்டது. ஒரு விசிறியால் இரு பயன் என்பது கருத்து. ஆனால் மின்வழங்கியும் வெப்பத்தைப் பிறப்பிப்பதே. அதனைக் கடந்துவந்த வளி, குளிர்ச்சி மிக வேண்டிய உறுப்பை அடையுமுன்னரே சூடேறிவிட்டது. பின்னர், அவ்விசிறி வளியை வெளித்தள்ளும் முறையே வழக்கில் நிலைபெற்றது. தண்ணிய வளி முதலில் எதனைச் சேரவேண்டும் என்பதைத் தீர்மானித்த பின்னரே விசிறிக்கு இடந்தேடல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

புழுதி மிக்க இடங்களில் அமுக்கமும் கவனிக்கத்தக்கது. வெளியேறும் வளியிலும் புகும் வளி சற்று மிகுமாறு அமைப்பின், பெட்டியுள் அமுக்கம் சிறிது உயரும். இடுக்குகளினூடாக வளி வெளிச்செல்லுமேயன்றி உள்வராது. புழுதியை வடிகட்டி தடுக்கும். மாறாக அமைப்பின், ஒவ்வோர் இடுக்கும் புழுதிக்கு வாயிலாகும். வடிகட்டியைத் துப்புரவாக்காது விடின் உட்புகும் வளி குன்றி, நல்ல அமைப்பும் காலப்போக்கில் தீய அமைப்பாக மாறும்.

விசிறியின் திசையை அறிதல் எளிது. மோட்டரைத் தாங்கும் சட்டங்கள் உள்ள பக்கத்தாலேயே பெரும்பாலும் வளி வெளியேறும். மெல்லிய கடதாசித் துண்டொன்றை அருகே பிடிப்பின், உள்ளிழுக்கும் விசிறி அதனைக் கவரும். வெளித்தள்ளும் விசிறி அதனை விலக்கும்.

வெளியேறிய வெப்பத்துக்கும் போக்கிடம் வேண்டும். பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு நெருக்கிவைப்பினும், மூடிய அலுமாரியுள் வைப்பினும், வெளித்தள்ளிய வளியே மீண்டும் உட்புகும். பெருந்தரவு நிலையங்களில் கணினி வரிசைகளின் முகங்கள் ஒன்றையொன்று நோக்கியும், முதுகுகள் ஒன்றையொன்று நோக்கியும் நிறுத்தப்படுவது, தண்ணிய வளியும் சூடேறிய வளியும் கலவாதிருத்தற்பொருட்டேயாம். ஆயிரம் கணினிகளுக்குப் பொருந்தும் அவ்விதி மேசைமீதுள்ள ஒரு கணினிக்கும் பொருந்தும். புதிய விசிறியொன்றை வாங்குமுன் பழைய பெட்டியைச் சுவரினின்று ஒரு சாண் விலக்கிப் பார்த்தல் செலவின்றிச் செய்யத்தக்க முதற் பரிகாரமாகும்.