சுவர் யாருடையது?

நம் நகரங்களின் மேம்பாலத் தூண்களிலும் ரயில் நிலையச் சுவர்களிலும் இன்று வண்ண ஓவியங்களைக் காண்கிறோம். அவற்றுள் சில பல ஆண்டுகள் பேணப்படுகின்றன. சில, விரைவிலேயே சுவரொட்டிகளுக்கு அடியில் மறைந்துபோகின்றன. பொதுச்சுவர் ஒன்றை மக்கள் தம்முடையதாகக் கருதத் தொடங்குவது எப்போது? சமூகச் சுவரோவியத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1920களில், புரட்சி ஓய்ந்த மெக்சிகோவில், கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கான்செலோஸ் அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். தியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிகேரோஸ் ஆகியோர் நாட்டின் வரலாற்றையும் உழைப்பாளர் வாழ்வையும் அவற்றில் தீட்டினர். செல்வர் இல்லங்களில் இருந்த ஓவியம் பொதுவெளிக்கு வந்தது. எனினும் சுவரை அளித்தது அரசு, வரைந்தவர் கலைஞர், மக்களோ பார்வையாளர்களாகவே நின்றனர்.

அடுத்த படியை 1967இல் சிகாகோ நகரில் காண்கிறோம். நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருமுனைக் கட்டடம் ஒன்றில் 'மரியாதைச் சுவர்' உருவாயிற்று. வில்லியம் வாக்கர் உள்ளிட்ட ஓவியர்கள் அப்பகுதி மக்களிடம் பேசி, அவர்களது இசைவைப் பெற்றே தூரிகையை எடுத்தனர். முகமது அலி, மால்கம் எக்ஸ் போன்றோரின் உருவங்கள் அங்கு இடம்பெற்றன. 1971இல் நேர்ந்த தீ விபத்தையடுத்து அக்கட்டடம் இடிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் அந்த எண்ணம் பிற நகரங்களுக்கும் பரவிவிட்டது.

மூன்றாம் படி லாஸ் ஏஞ்சல்ஸ். அங்குள்ள வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில், ஜூடித் பாக்கா என்னும் ஓவியர் 1976இல் பணி தொடங்கினார். அவருடன் வண்ணம் தீட்டியோரில் குற்றவழக்குகளில் சிக்கிய இளைஞர்களும் இருந்தனர்; அவர்களுக்கு ஊதியமும் வழங்கப்பட்டது. 1983 வரை ஐந்து கோடைக்காலங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பங்கேற்றனர். கலிபோர்னியாவின் தொல்குடிகள் முதல் 1950கள் வரையிலான வரலாறு, 2,754 அடி நீளத்தில் விரிந்தது. பள்ளிப் பாடங்கள் சொல்லாமல் விட்ட மக்களின் கதைகளும் அதில் உண்டு. 2017இல் அச்சுவர் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மக்களுக்காக வரைதல், மக்களின் இசைவோடு வரைதல், மக்களே வரைதல் என்று இக்கலை படிப்படியாக வளர்ந்திருப்பதை உணர்கிறோம். நம் குடியிருப்பிலோ பள்ளியிலோ ஒரு சுவரைத் தீட்ட முனையும்போது, முதலில் அங்கு நாள்தோறும் நடமாடுவோரைக் கேட்போம். தூரிகையை அவர்களிடமும் கொடுப்போம். வெயிலும் மழையும் எந்த வண்ணத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, பராமரிப்புக்கென ஒரு சிறு தொகையையும் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைப்போம்.