குத்தினால் மட்டும் போதாது... கை திரும்பணும்!

வடசென்னை குத்துச்சண்டை என்றதும் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் நினைவுக்கு வரும். ஆனால், கிளவுஸ் ஆசையில் வரும் பிள்ளைகள் கையில் முதலில் ஏறுவது ஸ்கிப்பிங் கயிறுதான்!

அடுத்தது 'ஒன்-டூ'. வலதுகைக்காரர் என்றால் இடதுகையில் ஜாப், உடனே வலதுகையில் கிராஸ். கிராஸின் பலம் தோளில் இல்லை. பின்னங்கால் தரையைத் தள்ளித் திரும்ப, இடுப்பும் கூடவே சுழல வேண்டும். குத்திய கை வந்த வழியே தாடைக்குத் திரும்ப வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அமெச்சூர் போட்டி, 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. அவ்வளவுதானா என்று தோன்றும். கண்ணாடி முன் நின்று ஒரே ஒரு நிமிடம் விடாமல் குத்திப் பாருங்கள், தோள் எரியும். தோள் ஓய்ந்தால் கை இறங்கும், முகம் திறந்துவிடும். ஓட்டமும் தண்டாலும் கயிறும் அந்த மூன்றாவது ரவுண்டுக்காகத்தான்.